சம்பந்தி கோயிலுக்குத் தூக்கிட்டு வந்த கல்லு

...அதத்தான் சொல்றேன் தங்கச்சி, எங்க சம்பந்தியம்மா, மருமகளோட ஆத்தா, அந்தப் பூனாகலைத் தோட்டத்துக்காரி, அதக் கோயிலுக்கே தூக்கிட்டு வந்துட்டா! சனமெல்லாம் சாமிய விட்டுட்டு அதத்தான் பாக்குது. என்னா பெரிய சாமானு? ஊறவச்ச கொண்டைக்கடலையும் ஈர்க்குச்சியும் வச்சு, கல்லுக்குள்ள எப்பிடி இருக்கும்னு காட்டுற பொம்மை. கெம்பஸ்ல படிக்கிற பேத்தி லீவுக்கு அவ வீட்டுக்குப் போனப்ப குத்திக் குடுத்தது. "எம் பேத்தி செஞ்ச கல்லு"ங்குறா. ஏன், எம் மகன் பெத்த புள்ள எனக்குப் பேத்தி இல்லையா?

புள்ள படிக்கிறதே கல்லப் பத்திதான். போன்ல எனக்கும் சொல்லுச்சு. களிமண்ணு உள்ளுக்குள்ள அப்பளம் அடுக்குன மாதிரி தட்டுத் தட்டா இருக்குமாம். அதான் மழைக்கு வழுக்குது. காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்து எறக்கத்துல நான் விழுந்தேன்ல, இடுப்பு இன்னும்... சரி, அத விடு. அந்த மண்ணு பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல நசுங்குனா, தட்டெல்லாம் போயி, கூரைக்குச் சட்டம் அடிச்ச மாதிரி கெட்டிக் கல்லாயிருமாம். தண்ணியும் வெளிய போகாம கல்லுக்குள்ளயே குடியிருக்குமாம். "அப்பாயி, சிலிக்கன சுத்தி ஆக்சிஜன் மொதல்ல நாலு பேரு, நசுக்குனா ஆறு பேரு"ன்னுச்சு. "ஒரே காம்பராவுல ஆறு பேரு, நம்ம லயம் மாதிரியா?"ன்னேன். என்னா சிரிப்பு! அந்தச் சிரிப்பு சம்பந்திக்குக் கெடைக்கல, எனக்குத்தான்.

வெளிநாட்டுல ரெண்டு வைரத்துக்கு நடுவுல வச்சு நசுக்குறாங்களாம். களிமண்ணுக்கு வைரம்! எம் மூக்குல கெடக்குறது கண்ணாடிக் கல்லு.

வயிறு எரியாம என்ன செய்யும்? நேத்து கேட்டுட்டேன், "அவளுக்கு ஒண்ணு, எனக்கில்லையா?"ன்னு. புள்ள சொல்லுது, "அப்பாயி, அங்க செஞ்சது நசுக்காத வெறும் களிமண்ணு. நசுக்குன கல்ல நம்ம வீட்டுலதான் செய்யப்போறேன். கடலைய ஊறப்போட்டு வைங்க." கேட்டியா! மண்ணத்தான் கல்லுன்னு கோயில் பூரா காட்டிருக்கா!

இன்னைக்கு மத்தியான பஸ்ல வருது. சம்பந்தியும் கூட வர்றாளாம். வரட்டும், ஒக்காந்து பாக்கட்டும். சட்டி நெறைய கடலை ஊறுது. புது ஈர்க்கு வெளக்கமாத்த உருவி குச்சிகூட சீவி...

இரு, என்ன தாளிக்கிற வாசம்? ஏ மருமகளே, அடுப்புல என்னா?

"எங்கம்மா வர்றாங்கள்ல அத்தை, சுண்டல் போட்டேன்!"

அய்யய்யோ! ஆத்தாளுக்கு ஏத்த மக! வெந்த கடலையில குச்சி நிக்குமாடி? எல்லாத்தையும் போட்டுட்டியா? பாதி சட்டியிலயே இருக்கா? அதத் தொடாத! நான் போறேன் தங்கச்சி, மொதல்ல அந்தச் சட்டிய எடுத்து ஒளிச்சு வைக்கணும்.