கொஞ்சம் தள்ளி நில்லுங்க

கிள்ளானுக்கு அப்பால் கடற்கரையில் நான் வடை சுடுகிறேன். மாதம் ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வருவார். கரையைக் கடல் அரிப்பதைப் படம் எடுக்கிறாராம். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, சேறே படாத பூட்ஸ். கேமராவை நிறுத்தியதும் முதல் வேலையாக எங்களை விரட்டுவார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா. படத்துல விழுறீங்க."

அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தள்ளி நிற்பேன். படம் எடுத்து முடித்ததும் என்னிடமே சூடாக இரண்டு வடை வாங்கித் தின்பார். கடலுக்குப் பயந்து நான் கடையை நகர்த்தியது இரண்டே முறைதான். இவருக்காக நகர்ந்ததற்குக் கணக்கே இல்லை.

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கண்காட்சி வைத்து என்னையும் அழைத்தார். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். சுவர் நிறைய என் கடை. அடியில், 'மக்கள் கைவிட்டுப் போன கரை' என்று எழுதியிருந்தது. படத்தில் என் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"தம்பி, நான் எங்கயும் போகலையே! நீங்கதானே தள்ளி நிக்கச் சொன்னீங்க?"

"ஆள் இருந்தா சோகம் வராது, அக்கா," என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

இத்தனை வருடம் அரித்தும் கடலால் என்னை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. இவர் ஒரே வரியில் கிளப்பிவிட்டார்.

பின்னால் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்த ஜனங்க எல்லாம் எங்க போனாங்களோ," என்றாள். பிறகு என் தோளைத் தொட்டாள்.

"ஆன்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படம் மறைக்குது."