பொங்க மறுத்த பால்

ஸ்ரீரங்கத்தில் மாடிப் போர்ஷன் கிடைத்தபோது வீட்டுக்கார மாமி போட்ட ஒரே நிபந்தனை, "மேல சிலிண்டர் ஏத்தப்படாது." அதனால் கரண்ட் அடுப்பு வாங்கினேன். கல்லூரிப் பாடங்களையே நோட்ஸ் வைத்துத் தாண்டிய நான், அந்த அடுப்போடு வந்த கையேட்டை மட்டும் கடைசிப் பக்கம் வரை படித்தேன். வீட்டில் முதலில் படித்தவன் என்றால் சும்மாவா? கரண்ட் பில்லிலிருந்து மாத்திரை அட்டை வரை நான் வாசித்துச் சொல்வதுதான் எங்கள் குடும்பத்துக்கு வேதம்.

மணப்பாறைப் பக்கத்து ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்து என்னோடு வைத்துக்கொள்ளத்தான் அந்த வீடே. அம்மாவும் மூட்டையோடு வந்தார். வாசலிலேயே சொல்லிவிட்டார்: "மொதல்ல பால் பொங்கட்டும். பொங்காத வீட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன், அடுத்த பஸ்ஸப் புடிச்சுருவேன்."

கையோடு கொண்டுவந்த புதுப் பித்தளைச் சட்டியில் பாலை ஊற்றி அடுப்பின் கண்ணாடி மேல் வைத்தார். அடுப்பு கீக்கீ என்று கத்தியது.

"என்னடா இது, கோழிக்குஞ்சு மாதிரி?"

"பித்தளைய ஏத்துக்காதும்மா. காந்தம் ஒட்டுற பாத்திரமா இருக்கணும். அடி தட்டையா, அந்த வட்டத்துக்குச் சரியா இருந்தா கரண்டும் மிச்சம்."

"ஓ, காந்தம் ஒட்டுனாத்தான் லட்சுமி வருவாளாக்கும்?"

கடையில் காந்தம் வைத்துப் பார்த்து நான் வாங்கியிருந்த எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பால் மாறியது. அம்மா அடுப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். சரியாக பட்டன்கள் மேலேயே. துடைத்துவிட்டு, 'பால்' என்று போட்டிருந்த பட்டனைப் பெருமையாக அழுத்தினேன்.

பால் மெல்ல எழும்பி விளிம்பு வரை வந்தது. அப்படியே அடங்கியது. மறுபடி எழும்பியது, மறுபடி அடங்கியது. பால் பொங்கி வழியாமல் காப்பதற்கென்றே வைத்த பட்டன் அது. கையேட்டில் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டதே நான்தான்.

கீழேயிருந்து மாமியின் குரல்: "பொங்கித்தோ?"

அம்மா மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "இம்புட்டுப் படிச்சும் பொங்கத் தெரியாத அடுப்பப் பாத்து வாங்கியிருக்கியேடா."

பால் வழிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் அரைப் பக்கம் இருந்தது. வழிய வைப்பது எப்படி என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பட்டனை விட்டுவிட்டு முழுச் சூட்டில் வைத்தேன். பால் குபுகுபுவென்று ஏறி, நாலு பக்கமும் வழிந்து, கண்ணாடியில் ஓடி பட்டன்களை நனைத்தது. அடுப்பு அலறியது. அம்மா அதையும் மிஞ்சிக் குலவை போட்டார்.

நான் பாய்ந்து போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தேன். திரும்பினால் அம்மா ஈரத்துணியோடு நிற்கிறார்.

"ஆறட்டும்மா. தீ இல்லேங்கறதால சூடு இல்லேன்னு நெனைக்காத, கை வெந்துரும். கண்ணாடியும் விரிசல் விட்டுரும்."

அன்றைக்கு அம்மா முரண்டு பிடிக்காமல் கையேட்டுக்குக் கட்டுப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான். துணியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். மூட்டையை அவிழ்த்தார்.

"தொண்டை வறளுதுடா. குடிக்கத் தண்ணி கொண்டா."