ஜானகியின் ஜாதகமும் என் வேலையும்

ஆயா வேலை என்றால் தொட்டிலை ஆட்டுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளோ ஆளுக்கொரு நீள ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டடம் கட்டப் படிக்கிறவர்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், அச்சாபீஸில் காகிதம் வெட்டும் மிஷினில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அவர் கைக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்தார். ஒன்றரை வயது மகளை அவரிடம் விட்டுவிட்டு, சாந்தோமில் எங்கள் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த சீட்டோடு அடையாற்றங்கரையில் இருந்த கட்டடக் கலைப் பள்ளிக்கு நான் புறப்பட்டேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்நிய ஆண்பிள்ளை முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னைப்போல் கூச்சத்தையும் சோற்று மூட்டையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு, அன்று அந்த வாசலை எத்தனை தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்திருப்பேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலையின் ஆயுள்

அந்த வருஷந்தான் அங்கே முதல் முதலாக இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி மயிலாப்பூர் ஜானகி, இன்னொருத்தி வேப்பேரி ரோஸி. முப்பது பையன்கள் நடுவே இரண்டு பெண்கள். கூட ஓர் ஆயா இருந்தால்தான் அனுப்புவோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்களாம். வகுப்பில் பின்னால் உட்கார வேண்டும். அவர்கள் வெளியே போனால் நானும் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வேலை எவ்வளவு நாளைக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பியூன் மாணிக்கம் அண்ணன் கேட்காமலே சொன்னார்: "இன்னா தங்கச்சி, நல்லா கேட்டுக்கோ. பொண்ணுங்க கீற வரைக்கும் நீ கீற. அதுங்க கண்ணாலம் கட்டிக்கினு போச்சுன்னா, நீயும் மூட்டையைக் கட்டிக்கினு போய்க்கினே இருக்க வேண்டியதுதான்."

மரியாதையால் வந்த கோணல்

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பழைய கட்டடம் ஒன்றுக்குப் போய், அங்குலம் அங்குலமாக அளந்து, அதை அப்படியே படமாக வரைய வேண்டும். ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் ஒரு பாழடைந்த மண்டபத்துக்குப் போனோம். ஜானகி அளவு நாடாவின் நுனியை என்னிடம் கொடுத்து, "செசிலி, இதைத் தூணோட ஒட்டிப் பிடிச்சுக்கோ, போறும்" என்றாள். பிடித்துக்கொண்டேன். ஆனால் புரொபசர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பெரியவர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டாமா? அவர் வந்தபோதெல்லாம் நான் ஒதுங்கினேன். நாடாவும் என்னோடு ஒதுங்கியது.

மறுநாள் ஜானகியின் படத்தைப் புரொபசர் வகுப்பு முழுவதும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். ஆறு தூண், நடுவே ஐந்து இடைவெளி, ஐந்தும் ஐந்து விதம். "இதைக் கட்டின ஸ்தபதி கள் குடித்துவிட்டுக் கட்டினானா?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஜானகி தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே தவிர, என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. என்னால் தாங்கவில்லை. எழுந்து, "நான்தாங்க நகர்ந்துட்டேன்" என்றேன். எதற்கு நகர்ந்தாய் என்று கேட்டார். "நீங்க வந்தீங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "அம்மா, இனிமேல் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். நீ நகராதே."

இருட்டில் பாடம்

வெளியூர்க் கட்டடங்களைத் திரையில் காட்டும் நாளில் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள். இருட்டு என்றால் இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஆயா உட்கார வேண்டும். இப்படி நான் கேட்ட பிரசங்கங்களைப் பெரிய பெரிய எஞ்சினீயர்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லாம் இங்கிலீஷில் என்பதால் ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு நல்ல தூக்கம் கிடைக்கும்.

ஒரு நாள் பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்து வீட்டுச் சமையலறைகளைப் பற்றிப் பேசினார். முடிந்ததும் துணியை விலக்கினார்கள். அவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்து, நானும் ஒரு மாணவி என்று நினைத்து, நேரே என்னைக் கைகாட்டினார். நான் ரோஸியின் பக்கம் சாய்ந்தேன். "அடுப்படி ஜன்னலை எவ்வளவு உயரத்துல வைக்கணும்னு கேக்குறாரு" என்று ரோஸி காதில் சொன்னாள். "பூனை எட்டாத உயரத்துல" என்று நான் அவள் காதில் சொன்னேன். அந்தக் குறும்புக்காரி எழுந்து நின்று அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். நிபுணர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மாணிக்கம் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்: "பாவத்தைக் கட்டிக்கினியே தங்கச்சி! இனிமே பம்பாயில ஒரு பூனைக்கும் பால் கெடைக்காது."

பொருந்தாத ஜாதகங்கள்

முதல் வருஷம் பாதியிலேயே ரோஸிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை ரயில்வேக்காரர். கல்யாணக் கேக்கைத் தின்றுகொண்டே நான் அழுதேன். பிரிவுத் துயரம் என்று நினைத்து ரோஸி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதது, இனி ஒரே ஒருத்தி பாக்கி என்றுதான். ஒரு சம்பளத்தில் அடுப்பு எரிகிற வீட்டில் இருப்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஜானகி வீட்டிலும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். வாரம் ஒரு ஜாதகம் வந்தது. நான் வேதக்காரி, எங்களுக்கு ஜாதகம் கிடையாது. ஆனாலும் ஜானகியின் ஜாதகம் எதோடும் பொருந்தக் கூடாது என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஜானகிக்கும் படிப்பை விட மனமில்லை. "செசிலி, இதுவும் பொருந்தலை!" என்று காலையில் வாசலிலிருந்தே குதித்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு சிரிப்பதை மாணிக்கம் அண்ணன் பார்த்துவிட்டார். "ஊர்ல ஜாதகம் சேரலைன்னா அழுவாங்கோ. இங்க இன்னாடான்னா பல்லைக் காட்டிக்கினு நிக்கிறீங்கோ!"

பொருட்காட்சியில் ஒரு மாமி

வருஷக் கடைசியில், மாணவர்கள் செய்ததையெல்லாம் பரப்பி வைத்து ஊராருக்குக் காட்டுவார்கள். ஜானகி அட்டையில் ஒரு மாடி வீடு செய்து வைத்திருந்தாள். குழந்தைகள் விரலை விட்டு நோண்டாமல் இருக்க நான் பக்கத்தில் நின்றேன். மடிசார்ப் புடைவையும் வைரத் தோடுமாக ஒரு மாமி வந்தார். வீட்டைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் நின்றிருந்த ஜானகியையே பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, "ஏண்டியம்மா, நீ இங்கேயே வேலை பாக்கறவளா? அந்தப் பொண்ணு எப்படி? என் பிள்ளைக்குப் பாக்கறோம். ஜாதகம் ஜோராப் பொருந்தியிருக்கு. அவாளுக்குத் தெரியாம ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

'கொஞ்சம் கோபக்காரிங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமி படியிறங்கிவிடுவார், என் வேலை நிலைத்துவிடும். விரல் நசுங்கிய கையால் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும் மனுஷர் கண் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தேன். "தங்கமான பொண்ணுங்க" என்றுதான் வந்தது. போயிற்று வேலை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அந்தப் பயத்திலோ என்னவோ, கூச்சத்தை விட்டு இன்னொன்றும் சொன்னேன்: "ஆனா படிப்பை நடுவுல நிறுத்திடாதீங்க. மனசு ஒடிஞ்சு போயிடுங்க." இதை ஜானகிக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மாமி நேரே ஜானகியிடம் போனார். "குழந்தே, இந்த வீட்டுக்கு எத்தனை மாடிப்படி?" என்றார். ஆள் யாரென்று தெரியாமல் ஜானகி, "இருபது மாமி. ஒவ்வொண்ணும் ஆறு அங்குலந்தான். வயசானவா முட்டி வலிக்காம ஏறலாம். நடுவுல நின்னு மூச்சு வாங்கிக்க ஒரு மேடையும் இருக்கு" என்றாள். மாமி விரல் நுனியால் படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். உச்சிப் படிக்கு மேலே கையை வைத்து, தலைக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி வந்து ரகசியமாகச் சொன்னார்: "மயிலாப்பூர்ல எங்காத்து மாடிப்படியை மேஸ்திரி மூணு தரம் இடிச்சுக் கட்டிட்டான், இன்னமும் மேல் படியில எனக்குத் தலை இடிக்கறது. கல்யாணத்துக்கு என்ன அவசரம்? இவ முழுசாப் படிச்சு முடிச்சுட்டே வரட்டும். அதுவரைக்கும் நாங்க கீழேயே படுத்துக்கறோம்."

கட்டடக் கலையைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: மயிலாப்பூரில் ஒரு மாமிக்கு மாடியில் தலை இடிக்கிற வரையில், சாந்தோமில் எங்கள் வீட்டு உலை கொதிக்கும்.