நெய்க்காரப்பட்டிக்கு மூன்று கிலோமீட்டர் குறைவு

செவ்வாய்க்கிழமை, பகல் 12.44. சென்னையிலிருந்து நான் வந்த ரயில் நாற்பத்தெட்டு நிமிடம் தாமதமாகத் திண்டுக்கல் சந்திப்பில் நின்றது. அன்று விடிகாலை நெய்க்காரப்பட்டியில் என் அக்கா இறந்துவிட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள்மீது போர்த்த வேண்டியவன் நான். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்குவதால் அதற்குமுன் உடலை எடுத்துவிடுவார்கள் என்று அக்கா மகள் போனில் சொல்லியிருந்தாள்.

12.58. நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் அரக்கு நிறச் சேலை வாங்கினேன், 1,150 ரூபாய். வெளியே ஜாபர் பாய் காருடன் நின்றார். என்னோடு கல்லூரியில் படித்தவர். பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். கார் மின்சாரத்தில் ஓடுவது, வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. லண்டனில் வேலை பார்க்கும் அவர் மகன் விடுமுறை முழுவதும் அதை ஓட்டிவிட்டுக் கடந்த வெள்ளிக்கிழமைதான் அங்கே திரும்பியிருந்தான்.

1.15. புறப்பட்டோம். நெய்க்காரப்பட்டி 69 கிலோமீட்டர். இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள திரை காட்டியது: 54. வழக்கம்போல் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

"பத்தாதே பாய்?"

"ஒட்டன்சத்திரத்துல சார்ஜ் போடுற இடம் இருக்கு மாப்ள. செத்த நேரம் போட்டா போதும். வெரட்டி ஓட்டுனா சார்ஜ் எறங்கிரும், அதான் நாப்பதுலயே போறேன்."

திரையில் வேகமும் நாற்பதுதான். அந்த நாற்பதில் இரண்டு லாரிகளையும் ஒரு தனியார் பேருந்தையும் முந்தினோம். வண்டியில் சத்தமே இல்லாததால் வேகம் உறைக்கவில்லை. இருபுறமும் தென்னை, முருங்கை, உழுது போட்ட செம்மண். நான் மடியிலிருந்த சேலைப் பையையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1.53. ஒட்டன்சத்திரம். வந்த தூரம் 32 கிலோமீட்டர், இருக்கும் தூரம் 37. திரையில் 34. மூன்று கிலோமீட்டர் குறைவு.

சார்ஜ் போடும் இடத்தில் இருந்தது ஒரே இணைப்பு. அதில் வேறொரு கார் நின்றது. அது நகரப் பதினான்கு நிமிடம். பிறகு, பணம் கட்டுவதற்குப் பாயின் செல்போனுக்கு வரவேண்டிய ரகசிய எண் வரவில்லை. 2.20க்குத்தான் மின்சாரம் ஏறத் தொடங்கியது.

"டாக்ஸி பிடிச்சிரவா பாய்?"

"அது வர்றதுக்குள்ள இது ஏறிரும் மாப்ள. வழியில நின்னுட்டா அக்கா மூஞ்சியப் பாக்க முடியாதுடா."

2.38. எங்களுக்குப் பின்னால் காத்திருந்த தாராபுரத்துக்காரர் ஒருவர் ஜன்னல் வழியாகத் திரையை எட்டிப் பார்த்தார். அப்போது அதில் 61.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"நெய்க்காரப்பட்டி."

"அதுக்கு எதுக்குங்க இம்புட்டு ஏத்தறீங்க? நூறு கிலோமீட்டர் ஓடுமே."

"அறுபத்தொண்ணுதானய்யா காட்டுது?" என்றார் பாய்.

"அது மைலுங்க. எண்ணுக்குப் பக்கத்துல குட்டியா போட்டிருக்குது பாருங்க. ஒரு மைலுன்னா ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேலயே வருமுங்க."

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பய அந்த ஊர்ப் பழக்கத்துல மாத்தி வச்சுட்டுப் போயிருக்கான்" என்றார். ஓடிப்போய் இணைப்பைப் பிடுங்கினார்.

வண்டி கிளம்பியதும் குறிப்பேட்டைத் திறந்தேன். 1.15 – 54. 1.53 – 34. முப்பத்திரண்டு கிலோமீட்டர் வந்த வண்டியில் இருபதுதான் குறைந்திருக்கிறது. எண்களை எழுதியது நான். கழித்துப் பார்க்காமல் விட்டதும் நான். ஒட்டன்சத்திரத்துக்குள் நுழைந்தபோது இன்னும் ஐம்பத்துநான்கு கிலோமீட்டர் ஓடும் மின்சாரம் இருந்தது. நிற்காமல் போயிருந்தால் இரண்டரை மணிக்கெல்லாம் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன்.

2.58. அக்கா மகள் அழைத்தாள். "மாமா, எடுக்கறாங்க... இனி நிறுத்த முடியாதுன்னு சொல்றாங்க மாமா." பின்னால் பறையொலி கேட்டது. பாய் எண்பதைத் தொட்டார். அது கிலோமீட்டரா மைலா என்று நான் பார்க்கவில்லை.

3.17. நெய்க்காரப்பட்டி. பெண்கள் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சேலையோடு உள்ளே போகக்கூடாது என்றார்கள். மயானத்துக்குப் போனோம். முகத்தையும் சாண வரட்டியால் மூடியிருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் கடையில் வாங்கிய சேலையை என் பெயரைச் சொல்லிப் போர்த்தியதாகத் தெரிந்தது. நான் என் சேலையை வரட்டியின்மேல் விரித்தேன். எந்தப் பக்கம் தலை என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்க வேண்டியிருந்தது.

தீ மூட்டிய பிறகு அக்காவின் கணவர் என் தோளில் கை வைத்தார். "வாசல்ல வச்சு உங்களுக்காகக் காத்திருந்தமுங்க. பழனியில கிருத்திகைக் கூட்டம், வண்டிய விட்டிருக்க மாட்டாங்க. இல்லீங்களா?"

பாய் எனக்கு இரண்டடி பின்னால் செருப்பில்லாமல் நின்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது, துக்கம் கேட்க வந்தவர்களிடம் அக்காவின் கணவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிக்காரன் வந்துவிட்டான், கூட்டம்தான் விடவில்லை என்று. அந்த வீட்டில் இனி எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். குறிப்பேட்டில் வேறு எழுதியிருக்கிறேன்: பழனிக்குள் நுழைந்தது 2.59, வெளியேறியது 3.07. சாலை காலி.