ஃபனெரி மாற்றிய ஸ்பீக்கர்கள்

ஃபனெரி பலாந்தா தன் வீட்டு ஸ்பீக்கரை மாற்றக் கூடாது என்று கை தூக்கிய ஏழு பேரில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு இன்னும் கேவலம்.

கொலம்பியா நாட்டுக் காலி நகரத்தின் ஒப்ரேரோ பேட்டையில் ஞாயிறு மதியம் இரண்டு மணி என்றால் நாங்கள் ஃபனெரி வீட்டு முன்கூடத்தில் இருப்போம். அவர் கணவர் ஒவீடியோ இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கக்கத்தில் இசைத்தட்டு, கையில் ஆளுக்கொரு வாத்தியம். சல்சாப் பாட்டைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. தட்டில் பாட்டு ஓட ஓட, நாங்களும் கூடவே வாசிப்போம். எனக்கு மாட்டுமணி. லிபார்தோவுக்குக் கிலுகிலுப்பை, சுரைக்குடுக்கைக்குள் விதை போட்டது, கைக்கு ஒன்றாக ஒரு ஜோடி. லிபார்தோதான் எங்கள் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதட்டுகிற குரல், அது போதுமானதாக இருந்தது.

ஃபனெரி முப்பது வருஷம் டைல்ஸ் பதித்தவர். நகரத்தின் தென்பக்கத்து அடுக்குமாடிகளில் எத்தனையோ குளியலறைகள் அவர் முழங்கால் தேயப் போட்ட தரைதான். ஒருமுறை ஒரு மேஸ்திரி, "பொம்பளைக்கு மட்டம் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தன் தரையில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிகால் சல்லடை மூடிக்குள் போய் விழுந்தது. அடுத்த வாளியை அவன் போட்ட தரையில் கவிழ்த்தார். அது சமையலறைக்குப் போனதாம். அன்றோடு அந்த வேலையும் போனது. அவர் கவலைப்படவில்லை.

முன்கூடத்து ஸ்பீக்கர்கள் இரண்டும் இடுப்பு உயரம். தேக்கு நிறப் பெட்டி, கறுப்பு வலை. 'ஒவீடியோவின் ஸ்பீக்கர்' என்றுதான் பேட்டையே சொல்லும். ஒரு ஹோட்டலுக்குத் தரை போட்ட கூலியில், தன் காசில் வாங்கியது அது என்று ஃபனெரி ஒருநாள் சொன்னார். எங்கள் காதில் விழவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தோம்.

ஒவீடியோ போன மார்ச்சில் இறந்தார். ஜூலையில் ஒரு ஞாயிறு, பாட்டு மாறுகிற இடைவெளியில், ஃபனெரி சொன்னார்:

"வர்ற மாசம் இதை மாத்தப் போறேன்."

"எதை? திரைச்சீலையையா?" என்றார் லிபார்தோ.

"ஸ்பீக்கரை."

கையிலிருந்த பீரை லிபார்தோ கீழே வைத்தார். அவர் பீரைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. "தங்கச்சி, இது ஒவீடியோவோட ஸ்பீக்கர். இந்தப் பேட்டைக்கே இதான் அடையாளம். இதுல கை வைக்கிற வேலை உனக்கெதுக்கு?"

"மேல இருக்கிற, சன்னச் சத்தம் குடுக்கிற ட்வீட்டர் ரெண்டும் செத்துப்போச்சு அண்ணே. பாட்டுல கிலுகிலுப்பையே கேக்கல."

"கேக்கலயா?" லிபார்தோ தன் கிலுகிலுப்பையை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டினார். "இப்பக் கேக்குதா?"

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். பிறகு லிபார்தோ ஓட்டுக்கு விட்டார். மாற்றினால் ஞாயிற்றுக் கூட்டம் இனி இந்த வீட்டில் இல்லை என்பதுதான் தீர்மானம். ஏழு கை மேலே போனது.

ஃபனெரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "கால் யாரு வீட்டுத் தரையில இருக்குன்னு பாத்துட்டுக் கையத் தூக்குங்க" என்றார். உள்ளே போய் லூலோ பழச்சாறு கொண்டுவந்து வைத்தார்.

ஆகஸ்டில் புது ஸ்பீக்கர்கள் வந்தன. ஒல்லியாக, நெஞ்சு உயரத்துக்கு, அடியில் நான்கு திருகுகால்களோடு. குறை கண்டுபிடிப்பதற்கென்றே நாங்கள் ஏழு பேரும் போயிருந்தோம். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பெட்டிகள் இரண்டும் போதையில் நிற்பவனைப் போலக் கொல்லைப் பக்கம் சாய்ந்தன.

"பாத்தியா? பாட ஆரம்பிச்சா பாடகன் நேரா சமையக்கட்டுக்குப் போயிடுவான்" என்றார் லிபார்தோ. பழைய பெட்டிக்கு அடியில் ஒவீடியோ மடித்து வைத்திருந்த பீர் அட்டைகளை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். "ஒவீடியோ வெச்ச அட்டை. இதையே குடு, நிக்கும்."

"அட்டைய வெச்சது அவரு. தரையப் போட்டது நான்" என்றார் ஃபனெரி.

அது எங்களுக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமாக நாங்கள் ஆடிய தரை.

"கழுவி விட்டா தண்ணி தெருவாசல்லேர்ந்து கொல்லைக்கு ஓடணும்னு நான்தான் வாட்டம் குடுத்தேன். இந்தச் சுவத்தோரம் வெச்சா ஒரு பெட்டி ரெண்டு விரல் எறங்கித்தான் நிக்கும். தரை மேல தப்பில்ல. அட்டை மேலதான் தப்பு. அது ஈரத்துல அமுங்கும்."

வேலைப்பையிலிருந்து உள்ளே தண்ணீர் தெரிகிற பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். ஒரு முனையை வாளியில் போட்டு, மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"உறிஞ்சுங்க."

"நானா அக்கா?"

"கை தூக்கத் தெரிஞ்சுதில்ல, வாய் வைக்கவும் தெரியும்."

உறிஞ்சினேன். வாயெல்லாம் சிமெண்டு வாசம். குழாயில் ஒரு குமிழி நின்றிருந்தது. "குமிழி இருந்தா தண்ணி பொய் சொல்லும்" என்று விரலால் சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றினார். பிறகு ஒரு முனையைத் தெருப்பக்கத்து ஸ்பீக்கரின் ட்வீட்டர் உயரத்துக்குப் பிடித்தார். மறுமுனை கொல்லைப்பக்கத்து ஸ்பீக்கரில், என் கையில். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்; அது நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் சுவரில் பென்சில் கோடு போட்டார். இறங்கி நின்ற பெட்டியின் கீழே வெட்டி வைத்திருந்த கிரானைட் துண்டைக் கொடுத்தார். மீதியைத் திருகுகாலில், ஒவ்வொரு கால்வாசிச் சுற்றாக ஏற்றினார். ரசமட்டத்தைப் பெட்டித் தலையில் நீளவாக்கில் ஒருதரம், குறுக்கே ஒருதரம் வைத்தார். கடைசியில் பெட்டியை மூலையில் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"இப்பக் கேட்டுப் பாருங்க."

"கேக்க வேண்டியதில்ல" என்றார் லிபார்தோ. "பழசை எங்க கிட்டக் குடுத்துடு. கூட்டம் இனி என் கார் ஷெட்டுல."

"எடுத்துட்டுப் போங்க. அட்டையையும் சேத்து."

தள்ளுவண்டியில் ஏற்றி, சாமி ஊர்வலம் மாதிரி கொண்டுபோனோம். வெட்கம்கெட்டவன், நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

மூன்று ஞாயிறு போனது. லிபார்தோ ஷெட்டுக்குப் போகிற வழியில்தான் ஃபனெரி வீடு. ஒவ்வொரு முறையும் கதவு அகலத் திறந்திருந்தது. முன்கூடத்தில் ஒருவரும் இல்லை. நாற்காலிகள் பழையபடி வட்டமாகக் கிடந்தன. பாட்டு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து பாண்தெபோனோ ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஆள் வரலன்னா நான் கதவச் சாத்திடுவேன்னு லிபார்தோ சொன்னாரா?" என்று கேட்டார் ஒருநாள்.

சொல்லியிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

கார் ஷெட்டில் நிலைமை சரியில்லை. கார் ஏறுவதற்காகப் போட்ட சரிவில் பெட்டிகள் வாசலைப் பார்த்துச் சாய்ந்தன. அட்டை போட்டோம். அதற்கு மேல் இன்னொரு அட்டை போட்டோம். நாலாவது ஞாயிறு ஒரு பெட்டி மெல்ல நகர்ந்து எங்கள் ஏழு பேரில் ஒருவனான ஆர்பேயின் கால் கட்டைவிரலில் வந்து நின்றது. அவன் போட்ட கூச்சலில் பாட்டே நின்றுவிட்டது.

"போய் அந்தக் குழாய மட்டும் வாங்கிட்டு வாய்யா" என்று லிபார்தோ என்னை அனுப்பினார்.

"குழாய் தனியா வராது. நானும் வருவேன்" என்றார் ஃபனெரி.

வந்தார். கக்கத்தில் ஓர் இசைத்தட்டு. அட்டைகளை உருவித் தெருவில் வீசினார். குழாய், பென்சில், கல் துண்டு, ரசமட்டம் என்று தன் வீட்டில் செய்த வேலையை இங்கும் ஒரு குறை வைக்காமல் செய்தார். அதுதான் எனக்கு உறைத்தது. தன்னைத் தள்ளி வைத்தவர்களுக்கு ஒருத்தி இவ்வளவு சுத்தமாக வேலை செய்வாளா?

"நேரா நிக்குது. இனிமே தரை மேல பழி போட முடியாது" என்றார். "எல்லாரும் கையில இருக்கிறதைக் கீழ வைங்க. ஒரே ஒரு பாட்டு."

லிபார்தோ மட்டும் வைக்கவில்லை. மற்றவர்கள் வைத்தோம். பாட்டின் பெயரை ஃபனெரி சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்களில் யார் கல்யாணத்தில் அது ஓடவில்லை? கிலுகிலுப்பை மட்டும் தனியாக எட்டு எண்ணிக்கை வரும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் சேரும்.

ஊசி இறங்கியது. தட்டு சுற்றியது. ஒன்றும் வரவில்லை. அந்த எட்டு எண்ணிக்கைக்கும் ஒன்றும் வரவில்லை. பிறகு திடீரென்று பாஸின் அடிக்குரல் விழுந்தது.

ஃபனெரி ஊசியை எடுத்து மறுபடி முதலில் வைத்தார். லிபார்தோ பழக்கதோஷத்தில் கையை ஆட்டினார். கிலுகிலுப்பை கேட்டது. கையை நிறுத்தினார். நின்றுவிட்டது. மறுபடி ஆட்டினார், மறுபடி நிறுத்தினார். குனிந்து, வலைமேல் காதை வைத்தார். அவர் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"எத்தன நாளா?" என்றார் குனிந்தபடியே.

"நாலு வருஷம். அந்த டிசம்பர் திருவிழாவுல சத்தத்த ஏத்து ஏத்துன்னீங்களே, அன்னிக்கே எரிஞ்சிடுச்சு. மறுநாள் தனியா தரை கழுவுறப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"ஒவீடியோவுக்குக் காது போயிட்டிருந்துச்சு. அவருக்கு எதுவும் தெரியல. நானும் தெரிய விடல. அந்தப் பெட்டிப் பக்கத்துல உக்காந்தா அவரு ராஜா. அவரு ஒருத்தருக்காக நான் வாய மூடிட்டிருந்தேன். உங்க ஏழு பேருக்காக மூட மாட்டேன்."

குழாயைச் சுருட்டினார். இசைத்தட்டை உறையில் போட்டார். "ஞாயித்துக்கெழம ரெண்டு மணி. என் வீடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றே முக்காலுக்கே போய் நின்றோம். ஃபனெரி சிமெண்டுக் கறை படிந்த தன் வேலை வாளியோடு வாசலில் நின்றார். நான் மணியை வாளியில் போட்டேன். ஆர்பே நொண்டிக்கொண்டே வந்து தன்னுடையதைப் போட்டான். கடைசியாக வந்தார் லிபார்தோ. ஒரு கிலுகிலுப்பையை வாளிக்குள் வைத்துவிட்டு, மற்றதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்.

ஃபனெரி வாளியை அவர் வழியில் நீட்டினார்.

"ரெண்டையும் அண்ணே."