நிறை சொம்பும் இரண்டு கார்களும்

பள்ளி விடுவதற்கு முன்பே அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். "இசக்கி பூட்டான்மா" என்றார். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இசக்கி அண்ணன் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து, படப்பையில் எங்கள் வீட்டுப் பின்புற அறையில் குடியிருந்தார். தொழிற்சாலையில் புதுக் கார்களை ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. பகலெல்லாம் கார் ஓட்டிவிட்டு சைக்கிளில் வீடு திரும்புவார். அப்பாவோ வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டுகிறவர். இருவரும் சேர்ந்தால் சண்டைதான்.

"அண்ணாச்சி, உங்க வண்டி இன்னைக்குத் திரும்பணும்னா நேத்தே ஸ்டியரிங்க ஒடிக்கணும்" என்பார் அண்ணன்.

"உன்னுது மட்டும் இன்னா, தீப்பெட்டி. உள்ள குந்துனா முட்டி மூக்குல இடிக்குது" என்பார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் சூப்பர்வைசரின் புதுச் சின்ன காரை இரவல் வாங்கி வந்தார். மணிமங்கலம் ஏரிப் பக்கச் சாலையில் பந்தயம். நான்தான் நீதிபதி. மடியில் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய சொம்போடு இரண்டு கார்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். சின்ன கார் சட்டென்று வேகம் பிடித்தது. பஸ்ஸை அலட்டிக்கொள்ளாமல் முந்தியது. வளைவில் சாயவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் என் பாவாடை நனைந்தது. அப்பாவின் கார் மாட்டுவண்டியைத் தாண்டவே யோசித்தது. திரும்பும்போது படகைப் போலச் சாய்ந்தது. பள்ளங்களில் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. சொம்பு நிறைந்தே இருந்தது.

வேகமும் திருப்பமும் சின்ன காருக்கு, சிந்தாமை அம்பாசிடருக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணன் சிரித்தபடி, "சரிதான் புள்ள. படுத்துக்கிட்டுப் போணும்னா அண்ணாச்சி வண்டிதான்" என்றார்.

அம்மா பள்ளிக்கு வந்த அன்று, ஒரகடம் கூட்ரோட்டுச் சந்திப்பில் லாரி அண்ணனின் சைக்கிளைத் தட்டியபோது, சவாரி இறக்கிவிட்டு அப்பா அங்கேதான் இருந்தார். சூப்பர்வைசரும் தன் காரோடு ஓடி வந்து, சீக்கிரம் போய்விடலாம், இதில் ஏற்றுங்கள் என்றாராம். அண்ணனை உட்கார வைக்க முடியவில்லை, இடுப்பு மடங்கவில்லை. அப்பா இரண்டு கார்களையும் பார்த்திருக்கிறார். பிறகு தன் பின் கதவைத் திறந்தார். தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் போய்விட்டார்.

அதன்பின் அப்பா காரைத் தொடவில்லை. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் ஒன்றைத்தான் கேட்டார்: "அந்தச் சின்ன வண்டில ஏத்தினு போயிருந்தா பொழச்சிருப்பானா?"  நீதிபதியான என்னிடமும் கேட்டார். 

அன்று அப்பாவின் காரில் அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போன அவருடைய நண்பர், ஊரில் காரியம் முடித்து, அண்ணனின் பெட்டியை எடுத்துப்போக நேற்று வந்தார். அப்பா அவரிடமும் கேட்டார். அவர் சொன்னார்:

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. படப்பை தாண்டி ஒரு பெரிய பள்ளம் வந்துச்சுல்லா, அதுல எறங்கி ஏறுனப்ப கண்ணத் தொறந்தான். 'ஒரு சொட்டு சிந்தலன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லுலே'ன்னான். அதுக்கப்புறம் பேசல."

அப்பா எழுந்து போய் அம்பாசிடரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

இசக்கி அண்ணனை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோரிடமும் அவர் நினைவாக ஏதாவது இருக்கும். என்னிடம் அந்தச் சொம்பு இருக்கிறது. அப்பா மறுபடி வண்டியை எடுக்கும் நாளில், அதை விளிம்புவரை நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு உடன் போவேன்.