காளைப் பட்டியலும் நான்கு கருக்களும்

பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு வந்தவரை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் பால் கேன் மாதிரி ஒரு குடுவை இருக்கும். அதற்குள் புகை கக்கும் திரவ நைட்ரஜனில், உயர்ந்த காளைகளின் உறைவிந்துக் குச்சிகள் மூழ்கிக் கிடக்கும். அவர் தொழுவத்துக்குள் நுழைந்ததும் மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "சுத்துப்பட்டுல பாதிக் கன்னுக்குட்டிக்கு நான்தான் அப்பா" என்று அவரே சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தம்பி மனைவியோடு மாடி வீட்டில் இருந்தார். தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவன் மனைவிக்குக் கோர்ட்டில் தட்டச்சு வேலை. அவளுடைய அண்ணன், ரத்தம் உறையாத நோயால் பதினோரு வயதில் போய்விட்டவன். அந்த நோய் தன் பிள்ளைக்கும் வந்துவிடக் கூடாது என்பதால்தான் அவள் கருத்தரிப்பு மையத்துக்குப் போனாள். அங்கே உடலுக்கு வெளியே வைத்து வளர்த்த கரு ஏழு. சோதித்ததில் மூன்றில் நோய் இருந்தது, நான்கு சுத்தம்.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. மையத்து ஆலோசகர் இன்னொரு தாளையும் கொடுத்தனுப்பினார். அந்த நான்கு கருக்களுக்கும் உயரம், உடல்வாகு, படிப்பு என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் போட்டிருந்தது. விருப்பமிருந்தால் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமாம்.

ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. காளைகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டு வரும் பட்டியலைக் கரைத்துக் குடித்தவர் அல்லவா! சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

"மூணாம் நம்பர்! உயரம் எண்பத்திரெண்டு, படிப்பு எழுபத்தொன்பது. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

"உயரம் நல்லதுதான். நம்ம குடும்பத்துல ஸ்டூல் போடாம பரண்ல கைவச்சவங்க யாரு இருக்கா?" என்றான் தம்பி.

தம்பி மனைவி தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள்.

மறுநாள் காலையில் ஊசியக்கா ஒரு பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே ஒரு மாடு பின்னங்கால் ஊன்ற முடியாமல், எழுவதும் சரிவதுமாக இருந்தது. மூன்றாவது ஈற்றுதான் ஆகியிருந்தது. ஊசியக்கா மாட்டின் சினைப் பதிவு அட்டையைப் புரட்டினார். தகப்பன் காளை எண் 417. ஏழு வருஷத்துக்கு முன்னால் பட்டியலில் முதலிடத்தில் இருந்த காளை. அதன் மகள்கள் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கறந்தன. கால்களைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை.

"கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்னு நீதானே சொன்ன" என்றாள் பண்ணைக்காரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சரி விடு, புத்தகத்துல இருந்ததத்தான் சொன்ன. நாளைக்கு இத அடிமாட்டுக்கு ஏத்தி அனுப்பிடுவேன்."

ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

அடுத்த வாரம் மூவருமாக மையத்துக்குப் போனார்கள். ஆலோசகர் சின்ன வயதுப் பெண், நல்ல சுபாவம். ஊசியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த மார்க்க எப்படிம்மா போட்டீங்க?"

"நிறையப் பேரோட மரபணுவயும், அவங்க உயரம் படிப்பு எல்லாத்தயும் ஒப்பிட்டு ஒரு கணிப்புங்க."

"இப்படி மார்க் பாத்து எடுத்த பிள்ளைங்க வளந்து எப்படி இருக்குதுங்க?"

"நாங்க எடுத்ததுல யாரும் இன்னும் அவ்வளவு வளரலிங்க."

"ஒரு காளைக்கு நம்பர் போடவே நூத்துக்கணக்கான மகளுங்க கறக்குறதப் பாப்போம். அப்பவும் கால் நொண்டிருச்சு!"

ஆலோசகர் சிரித்துவிட்டார். "உண்மையச் சொன்னா, மூணாம் நம்பர் மத்ததவிட ரெண்டு விரக்கடை உயரமா வரலாம். வராமயும் போகலாம்."

"அப்ப ஸ்டூல் இருக்கட்டும்" என்றான் தம்பி.

தம்பி மனைவி மெதுவாகக் கேட்டாள். "நோய் இருக்குன்னு மூணு கருவ ஒதுக்குனோமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானா? எங்க அண்ணனயே வேணாம்னு சொன்ன மாதிரி இருக்கு. வீட்டுலயே நல்லா சிரிக்க வச்சவன் அவன்தான்."

அவளே யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"அவன் வேணாம்னு இல்ல. முட்டி வீங்கி அவன் கத்துனத பக்கத்து ரூம்ல இருந்து கேட்டிருக்கேன். அந்த வலி வேணாம். ஆனா குள்ளமா இருந்தா யாருக்கு வலிக்குது?"

ஊசியக்கா தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். "எங்க தொழில்ல, நெனச்ச அளவு கறக்கலன்னா ஏத்தி அனுப்பிடுவாங்க. பிள்ளய எங்க அனுப்புறது? நாளைக்கு அது பரீட்சையில முட்டை வாங்கிட்டு வந்தா, 'உன்னப் பொறுக்கி எடுத்தோமே'ன்னு சொல்லிடுவேன். என் வாய எனக்குத் தெரியும்."

டாக்டர் நான்கில் எதையாவது வைக்கட்டும், எண்ணை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனாலும் கரு வைத்த அன்று, தொழில் புத்தி விடாமல் ஊசியக்கா கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். நர்ஸ் அவரைத் தோளைப் பிடித்து வெளியே உட்காரவைத்தார்.

முதல் தடவை தங்கவில்லை. வீடு ஒரு மாதம் டிவிகூடப் போடாமல் கிடந்தது. இரண்டாவது தடவை சோதனை முடிவைக் கேட்டதும், ஊசியக்கா ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, "சினை புடிச்சிருச்சு!" என்று கத்தினார். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. தம்பி மனைவி சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷமே சங்கக் கூட்டத்தில் எழுந்து, இனிமேல் பாலை மட்டும் பார்க்காமல் காலையும் பார்த்துத்தான் காளை எடுக்க வேண்டும், ஒரே காளையை எல்லாத் தொழுவத்துக்கும் போடக் கூடாது என்று ஊசியக்கா சண்டை போட்டு, தீர்மானமும் எழுத வைத்தார்.

குழந்தையைப் பள்ளியில் சேர்த்த முதல் நாள், அது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயாக வேண்டும். அத்தையும் கூடவே உட்கார்ந்தால் வருகிறேன் என்று பேரம் பேசியது. ஊசியக்கா வகுப்புக்குள் போய், முழங்காலுக்கும் எட்டாத, கைப்பிடி வைத்த குட்டி நாற்காலி ஒன்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பாட்டும் பாடினார். மணி அடித்ததும் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து இழுத்துத்தான் அதைக் கழற்றினார்கள்.